பழைய மீன் எண்ணெய்: சிக்கனமா, நஷ்டமா?

நெல்லைப் பழையதாக்கி உண்பது நம் நாட்டு வழக்கம். புளியும் ஊறுகாயும் நாள்பட நாள்படச் சிறக்கும் என்பர். பழைய நெய் மருந்துக்கு உதவும் என்று வைத்தியர்களும் கூறுவர். இவ்வாறு பழமையைப் போற்றிப் பழகிய நம் குடியானவர்கள், கோழிக்கும் கன்றுக்கும் குழந்தைக்கும் என்று வாங்கி வைக்கும் மீன் எண்ணெயையும் அந்த வரிசையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். சென்ற கோடையில் வாங்கிய கேனில் பாதி மிச்சமிருந்தால், அது இந்தக் கோடைக்கு ஆகும் என்று பரணில் ஏற்றுகிறார்கள். எண்ணெய் கெடுமா என்று கேட்டால், "எண்ணெயில் என்ன கெட இருக்கிறது?" என்று சிரிக்கிறார்கள்.

மீன் எண்ணெயைப் பொறுத்தவரையில் இந்த எண்ணம் முற்றிலும் தவறு. நம் வீடுகளில் புழங்கும் எண்ணெய் வகைகளுள் இதைப்போல் விரைவில் கெடுவது வேறு அரிது. கெட்டபின் இது வெறும் சத்தற்ற பொருளாக நின்றுவிடுவதுமில்லை. பிற உணவிலுள்ள சத்தையும் அழிக்கும் பொருளாக மாறுகிறது. ஆகையால் காறிப்போன மீன் எண்ணெயைக் கொடுப்பதைவிட ஒன்றும் கொடாதிருத்தலே மேல் என்பது அடியேனுடைய அபிப்பிராயம். இது புத்தகத்தில் மட்டும் படித்து அறிந்ததன்று. பொருளை இழந்து கற்ற பாடமாகும்.

என் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்தில், பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனவிடத்து, ஒரு வியாபாரி 5 லிட்டர் மீன் எண்ணெய்க் கேன் ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாகக் கூறினார். சிறு புட்டிகளின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மிகவும் லாபமாகத் தோன்றியது. தயாரித்த தேதி எது என்று நான் பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேனைக் கொண்டுவந்து, தகரக் கூரை போட்ட தீவன அறையில் ஜன்னலோரமாக வைத்தேன். வீட்டு நாய்களுக்கும் முட்டையிடும் கோழிகளுக்கும் என்று தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்தோம். பங்குனி முடிவதற்குள் கேனில் பாதிக்குமேல் காலியாயிற்று.

சித்திரைத் தொடக்கத்தில் அறுபது நாட்டுக் கோழிக் குஞ்சுகள் பொரித்தன. மக்காச்சோளம், கம்பு, கடலைப் பிண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள் ஆகியவற்றை இடித்துக் கலந்து வீட்டிலேயே தீவனம் செய்தோம். குஞ்சுகள் திடமாக வளரட்டும் என்று அதில் மீன் எண்ணெயைத் தாராளமாகவே சேர்த்தேன். ஒருநாள் தீவனம் கலக்கும்போது என் மனைவி, "இந்த எண்ணெய் முன் மாதம் இருந்தபடி இல்லையே, பழைய பெயிண்டு வாடை அடிக்கிறதே" என்றாள். "மீன் எண்ணெய் என்றால் நாறத்தான் செய்யும்" என்று நான் பதில் சொன்னேன். அந்த ஒரு வாக்கியமே அந்த வருஷத்து நஷ்டத்துக்கெல்லாம் வித்தாயிற்று.

மூன்றாம் வாரத்தில் சில குஞ்சுகள் தள்ளாடத் தொடங்கின. பின்னர் ஒருபக்கமாய்ச் சாய்ந்து, தலையைப் பின்னுக்கு வளைத்து, கால்களை உதறிக்கொண்டு கிடந்தன. கழுத்துத் திருகுவதைக் கண்டு, இது வெள்ளைக் கழிச்சல் என்று அண்டை வீட்டார் தீர்மானித்தனர். ஆனால் ஏழாம் நாளிலேயே அந்நோய்க்குத் தடுப்பு மருந்துச் சொட்டு விட்டிருந்தோம், கழிச்சலும் இல்லை. கால்நடை மருத்துவரை அழைத்துவந்தேன். அவர் இறந்த குஞ்சு ஒன்றை அறுத்துப் பார்த்தார். மூளையின் பின்பகுதி வீங்கி, மென்மையாகி, இரத்தப் புள்ளிகளோடு இருந்தது. "ஐயா, இது தொற்று நோயன்று, தீவனக் கோளாறு. எண்ணெய் ஏதேனும் சேர்க்கிறீர்களா?" என்று வினவினார். கேனைக் கொண்டுவந்து காட்டினேன். மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்தவர், ஒன்றும் பேசாமல் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அறுபதில் பத்தொன்பது குஞ்சுகள் மாண்டன. எண்ணெயை நிறுத்தி, தீவனத்தை மாற்றி, மருத்துவர் கொடுத்த வைட்டமின் ஈ மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்த பிறகே எஞ்சியவை தப்பின. பணம் போனதைவிட, அவற்றுக்கு நஞ்சிட்டது என் கையே என்பதுதான் நெடுநாள் மனத்தை உறுத்திற்று. விற்றவரை நோவதில் பயனில்லை. அவர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்பது உண்மையே. ஆயினும் அதை வெயிலில் வைத்தவனும், வாடை மாறியதை எடுத்துச் சொன்னபோது கேளாதவனும் நானே.

இந்நோய் புதியதன்று. 1931-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பாப்பன்ஹைமர், கெட்ச் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் குஞ்சுகளின் மூளை இவ்விதம் கெடுவதை விவரித்து எழுதினர். தீவனத்தில் வைட்டமின் ஈ குறைவதாலும், காறிய கொழுப்பு அச்சத்தை அழிப்பதாலும் இது உண்டாகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

எண்ணெயின் இயல்பு

மீன் எண்ணெய் ஏன் இவ்வளவு விரைவில் கெடுகிறது? நம் கடற்கரையோர மீனவர் இதற்கு விடையை நெடுங்காலமாகத் தம் தொழிலிலேயே வைத்திருக்கின்றனர். மரப் படகுகள் உளுத்துப் போகாதிருக்க மீன் எண்ணெய் பூசும் வழக்கம் அவர்களிடம் உண்டு. பூசிய எண்ணெய் சில நாளில் காற்றைக் கிரகித்து இறுகி, மரத்தின்மேல் ஒரு தோல்போல் படிகிறது. தேங்காய் எண்ணெயைப் பூசினால் இவ்வாறு இறுகாது. மீன் எண்ணெயில், காற்றிலுள்ள பிராணவாயுவோடு எளிதில் கூடும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. இன்று ஒமேகா-3 என்று பெயரிட்டு எந்தச் சத்துக்காக இவ்வெண்ணெயை விரும்பி வாங்குகிறோமோ, அதுவே முதலில் காற்றுக்கு இரையாகும் பகுதி. படகுக்கு நன்மை செய்யும் குணமே புட்டிக்குள் இருக்கும் எண்ணெய்க்குக் கேடாகிறது.

இம்மாற்றத்தைத் துரிதப்படுத்துபவை நான்கு: காற்று, வெளிச்சம், சூடு, உலோகம். சூடு பத்துப் பாகை ஏறுந்தோறும் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. சித்திரை வைகாசியில் தகரக் கூரையின்கீழ் 40 பாகைக்குமேல் சூடு ஏறும் அறைக்கும், 4 பாகையில் இருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் உள்ள வேற்றுமையை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். செம்பும் இரும்பும் மிகச் சிறு அளவில் கலந்தாலும் இக்கேட்டை முடுக்கிவிடும். ஆதலால் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் மீன் எண்ணெயை ஊற்றி வைத்தல் கூடாது.

மற்றொரு விந்தையும் உண்டு. எண்ணெய் தொடக்கத்தில் சில காலம் மாறாததுபோல் இருக்கும். பிறகு திடீரென்று கெடும். முதலில் கெட்ட சிறு பகுதியே மற்றப் பகுதியையும் கெடுக்கத் தொடங்குவதுதான் காரணம். ஒரு கரண்டி உறை மோர் ஒரு பானைப் பாலைத் தயிராக்குவதில்லையா? அதுபோலவே அடியில் தங்கிய பழைய எண்ணெயின்மேல் புதிய எண்ணெயை ஊற்றினால், புதியதும் விரைவில் கெடும். காலிப் புட்டியைக் கழுவாமல் மறுபடி நிரப்பும் வழக்கத்தை இதன்பொருட்டே விட்டொழிக்க வேண்டும்.

காற்று எண்ணெயின் சத்தைக் கவரும் என்பதற்கு விஞ்ஞான சரித்திரத்திலேயே பெரியதொரு சான்று உண்டு. 1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மெக்காலம் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் காட் மீன் ஈரல் எண்ணெயைச் சூடாக்கி, அதனுள் பிராணவாயுவைச் செலுத்தினர். அதன்பின் அவ்வெண்ணெய்க்குக் கண்ணோயைத் தீர்க்கும் சக்தி போயிற்று. ஆனால் எலும்பை உறுதியாக்கும் சக்தி நின்றது. இரண்டும் வெவ்வேறு சத்துக்கள் என்பதை இவ்வாறு அறிந்து, இரண்டாவதற்கு வைட்டமின் டி என்று பெயரிட்டனர். அவர்கள் ஆராய்ச்சிசாலையில் அறிந்தே செய்ததை, நாம் நம் தீவன அறையில் அறியாமல் செய்துவருகிறோம். சூடும் காற்றும் சேர்ந்து வைட்டமின் ஏ சத்தை அழித்தபின், அதற்கென்று வாங்கிய எண்ணெயைப் புகட்டி என்ன பயன்?

முதலில் தேவையா என்று கேட்க

புட்டியைத் தேர்ந்தெடுக்குமுன், அது நமக்கு வேண்டுமா என்று தேர்தல் முறை. இதில் நம்மவர் பலர் தடுமாறுகின்றனர்.

ஒரு காலத்தில் மீன் ஈரல் எண்ணெயின் இடத்தை வேறொன்றும் நிரப்ப இயலாதிருந்தது. 1940-இல் நார்வே நாடு ஜெர்மானியர் வசமாகி, அங்கிருந்து வரும் காட் எண்ணெய் நின்றபோது, சென்னை மாகாண அரசாங்கம் அந்நாளில் மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோழிக்கோட்டில் சுறா மீன் ஈரல் எண்ணெய் எடுக்கும் தொழிலை நடத்தியது. இன்று நிலைமை வேறு. கடையில் விற்கும் கோழித் தீவனங்களில் ஏ, டி3, ஈ ஆகிய சத்துக்கள் தனியே தயாரிக்கப்பட்டு முன்னரே சேர்க்கப்படுகின்றன. அத்தீவனத்தை இடுபவர் சத்துக்கென்று மேலும் ஈரல் எண்ணெய் சேர்ப்பது மிகை.

பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பசுந்தழை தின்று வெயிலில் மேயும் மாட்டுக்கு இவ்வெண்ணெய் தேவையில்லை. அகத்தியிலும் முருங்கையிலும் பச்சைப் புல்லிலும் உள்ள கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. வெயிலே வைட்டமின் டி சத்தைத் தருகிறது. கறவை மாட்டுக்கு மீன் எண்ணெய் மிகுந்தால் பாலில் கொழுப்புச் சத்துக் குறையும். பாலில் வாடையும் ஏறலாம். மேலும் 1930-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சிகளில், காட் எண்ணெய் கொடுக்கப்பட்ட முயல், ஆடு முதலிய தழையுண்ணும் பிராணிகளின் தசைகள் நலிவுற்றதைக் கண்டனர். இளங்கன்றுக்கு முதல் மருந்து தாயின் சீம்பாலே. வறட்சியில் வைக்கோல் ஒன்றையே தின்ற பசு ஈன்ற கன்றுக்குக் கண் மங்கினாலோ, ஓயாமல் கழிச்சல் கண்டாலோ, மருத்துவர் குறிக்கும் அளவில் ஈரல் எண்ணெயோ வைட்டமின் மருந்தோ கொடுக்கலாம். அதுவும் சில நாளைக்கே.

மனிதர் விஷயத்திலும் ஒரு வேற்றுமையை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். மீன் ஈரல் எண்ணெய் வேறு. மீன் உடல் எண்ணெய் வேறு. மத்தி, நெத்திலி போன்ற மீன்களின் உடலிலிருந்து எடுப்பதில் ஒமேகா-3 மிகுதி. ஏ, டி சத்துக்கள் சொற்பம். காட், சுறா ஆகியவற்றின் ஈரலிலிருந்து எடுப்பதில் வைட்டமின் ஏ மிகுதி. சுறா எண்ணெயில் அது சில வேளை மிக அதிகம். வைட்டமின் ஏ உடலில் தங்கிச் சேரும் இயல்புடையது. வயது வந்தவர் நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராமுக்குமேல் தொடர்ந்து உட்கொள்வது ஆபத்து. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் ஈரல் எண்ணெயைத் தொடவே கூடாது. கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு உண்டாகும். ஒமேகா-3 வேண்டும் என்று ஈரல் எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பது பேதைமை.

இயற்கை விவசாயம் செய்வோர் மீனையும் வெல்லத்தையும் சேர்த்து ஊறவைத்துப் பயிருக்குத் தெளிக்கும் மீன் அமிலம், இவ்வெண்ணெயோடு சற்றும் தொடர்பில்லாதது. பெயர் ஒற்றுமையால் மயங்கி அதைக் கால்நடைக்குப் புகட்டலாகாது.

வாங்கும் முறை

வீட்டில் இடித்த தானியத்தையே உண்டு, மழைக்காலத்தில் அடைபட்டுக் கிடக்கும் குஞ்சுகளுக்கும், ஒமேகா-3 செறிந்த முட்டையை விற்கக் கருதுவோரின் கோழிகளுக்கும், மருத்துவர் கூறிய குழந்தைக்கும் முதியோருக்கும் இவ்வெண்ணெய் பயன்படக்கூடும். அத்தகையோர் வாங்கும்போது கவனிக்கத்தக்கவை பின்வருமாறு:

முதலாவது, தயாரித்த தேதி. முடிவுத் தேதியை மட்டும் பார்ப்பது போதாது; அது மூடி திறவாத புட்டிக்கே பொருந்தும். இரண்டு புட்டிகள் இருந்தால் அண்மையில் தயாரித்ததையே எடுக்க வேண்டும்.

இரண்டாவது, கலம். கருஞ்சிவப்புக் கண்ணாடிப் புட்டி சிறந்தது. வெளிச்சம் புகாத வேறு கலமும் ஆகும். உள்ளே எண்ணெய் பளபளப்பது வெளியே தெரியும் வெள்ளைப் புட்டி கண்ணுக்கு அழகே தவிர எண்ணெய்க்கு நன்றன்று. கடை வாசலில் வெயில்படும் அலமாரியில் அடுக்கியிருப்பதை விட்டு, உள்ளே நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, அளவு. ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீரக்கூடிய அளவே வாங்கத் தக்கது.

நான்காவது, சீட்டில் எழுதியுள்ள விவரம். உடல் எண்ணெயா, ஈரல் எண்ணெயா, எந்த மீன் என்பது தெளிவாக இருத்தல் வேண்டும். "மீன் எண்ணெய் 1,000 மில்லிகிராம்" என்று பெரிய எழுத்தில் இருப்பதைக் கண்டு மயங்காமல், அதில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 அமிலங்கள் எவ்வளவு, வைட்டமின் ஏ எவ்வளவு என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். மனிதர் உட்கொள்வதாயின் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் பதினான்கு இலக்க எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கெடாதிருக்க டோக்கோபெரால், அதாவது வைட்டமின் ஈ, சேர்த்திருப்பது நல்ல அடையாளம்.

ஐந்தாவது, பரிசோதனை எண்கள். உணவுப் பொருள்களுக்குச் சர்வதேசத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் 2017-ஆம் ஆண்டில் மீன் எண்ணெய்க்கென்று தனித் தரம் வெளியிட்டது. அதன்படி பெராக்சைடு எண் 5-க்கும், அனிசிடின் எண் 20-க்கும் மேற்படலாகாது. முதல் எண்ணை இரட்டித்து இரண்டாவதோடு கூட்டினால் வரும் மொத்தம் 26-ஐத் தாண்டலாகாது. இரண்டு பரிசோதனைகள் எதற்கு எனில், முதலாவது இப்போது கெட்டுக்கொண்டிருப்பதைக் காட்டும். இரண்டாவது முன்னமே கெட்டு முடிந்ததைக் காட்டும். மிகப் பழைய எண்ணெயில் முதல் எண் குறைந்து, நல்ல எண்ணெய்போல் ஏமாற்றுவதும் உண்டு. மொத்தமாக வாங்குவோர் இவ்விரு எண்களையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நம்மிடம் உள்ள கருவி மூக்கு. புதிய நல்ல மீன் எண்ணெய்க்கு மெல்லிய கடல் மணமே உண்டு. சிக்கு வாடையோ, பழைய பெயிண்டின் நெடியோ வீசினாலும், நாவில் விட்டால் தொண்டையில் காறல் எடுத்தாலும் அது கெட்டதே. ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் வாடை நன்கு புலப்படும். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைகள் சேர்த்த எண்ணெயில் இவ்வடையாளம் மறைந்துபோகும். கூடுகளில் அடைத்து வரும் எண்ணெயாயின், ஒரு கூட்டை அறுத்து முகர்ந்து பார்க்கலாம்.

வைக்கும் முறை

வாங்கிய அன்றே புட்டியின்மேல் வாங்கிய தேதியையும், மூடியைத் திறக்கும் அன்று திறந்த தேதியையும் எழுதி ஒட்டுக. திறந்த புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில், இறுக மூடி, வைக்க வேண்டும். குளிரில் எண்ணெய் கலங்கி வெண்மையாகத் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. உறையும் கொழுப்பு பிரிந்து நிற்பதே அது. வெளியில் வைத்தால் தெளியும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் எட்டாத இருட்டறையில், ஈர மணலில் புதைத்த பானைக்குள் வைக்கலாம். ஆனால் அங்கே மிகச் சிறு புட்டியே தகும். சில வாரங்களுக்குள் தீர்த்துவிடவும் வேண்டும்.

தவிர்க்க இயலாமல் பெரிய கேன் வாங்கினால், திறந்த அன்றே, நன்கு கழுவி ஈரம் போக உலர்த்திய கரும்புட்டிகளில் கழுத்துவரை நிரப்பி மூடிவிட வேண்டும். பாதிக் கேன் எண்ணெயென்றால் மீதிப் பாதி காற்று என்பதை மறக்கலாகாது. எண்ணெய் எடுக்க உலர்ந்த கரண்டியையே உபயோகிக்க வேண்டும்; ஊற்றி மிஞ்சியதைத் திரும்பப் புட்டியில் விடக் கூடாது. புட்டியின் வாயில் வழிந்து பிசுபிசுப்பாய் ஒட்டியிருப்பதை ஒவ்வொரு முறையும் துணியால் துடைக்க வேண்டும். முதலில் காறுவது அதுவே.

தீவனத்தில் சேர்க்கும்போது அன்றன்றைக்கு வேண்டியதையே கலக்க வேண்டும். எண்ணெய் தவிட்டிலும் மாவிலும் பரவியவுடன் அதன் ஒவ்வொரு துளியும் காற்றுக்கு உள்ளாகிறது. செம்பும் இரும்பும் அடங்கிய தாது உப்புக் கலவையும் அதில் சேர்ந்தால் கேடு இன்னும் விரைவு. ஒரு மாதத் தீவனத்தை எண்ணெயோடு கலந்து மூட்டை கட்டுவது பெரும் பிழை. இறைச்சிக்கு விற்கும் கோழிகளுக்குச் சில வாரம் முன்னதாகவே எண்ணெயை நிறுத்தாவிடில் இறைச்சியில் மீன் வாடை ஏறும். முட்டையிலும் அளவு மிஞ்சினால் அவ்வாறே.

விலைக் கணக்கு

"சிறு புட்டி விலை அதிகமாயிற்றே" என்பார் உண்டு. கணக்கிட்டே பார்ப்போம். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 10 மில்லிலிட்டர் செலவு என்க. 5 லிட்டர்க் கேன் 500 நாளைக்கு வரும். திறந்தபின் இரண்டு மாதம் நன்றாயிருக்கும் என்று கொண்டாலும், பயன்படுவது 600 மில்லிலிட்டரே. மீதி 4,400 மில்லிலிட்டரும் வீண். பெரிய கேனில் லிட்டர் விலை மூன்றில் ஒரு பங்கு மலிவு என்று வைத்துக்கொண்டாலும், நல்ல எண்ணெய்க்கு நாம் கொடுக்கும் விலை சிறு புட்டியின் விலையைப்போல் ஐந்து மடங்குக்கு மேலாகிறது. வீணாயிற்றே என்று அந்த மீதியைக் கோழிக்குக் கொடுத்தாலோ, நஷ்டம் கோழிக் கணக்கிலும் ஏறும். என் பத்தொன்பது குஞ்சுகளின் விலையை அந்தக் கேனின் விலையோடு கூட்டிப் பார்த்தபோதுதான் மலிவு என்ற சொல்லின் பொருள் எனக்கு விளங்கிற்று.

கெட்ட எண்ணெயை எறிய மனமில்லாதவர், அதை வண்டியின் மரத்துக்கோ, ஏர்க்காலுக்கோ, கதவுக்கோ பூசட்டும். வாயில்லா ஜீவன்களின் வயிற்றில் ஊற்ற வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்

இறுதியாக விற்பவர்க்கும் கூட்டுறவுச் சங்கத்தார்க்கும் ஒரு வார்த்தை. பாலைக் குளிர வைத்து, கொழுப்பை அளந்து விலை கொடுக்கும் முறையை நம் சங்கங்கள் நன்கு கற்றிருக்கின்றன. அந்த அக்கறையில் ஒரு பங்கை இதிலும் செலுத்தினால் போதும். 100, 250 மில்லிலிட்டர் அளவுகளில் கரும்புட்டிகளில் வரவழைக்கட்டும். தயாரித்த தேதியையும் அனுப்பும் நாளில் கண்ட இரு பரிசோதனை எண்களையும் சீட்டில் அச்சிடுமாறு தயாரிப்பாளரைக் கேட்கட்டும். கோடையில் பழைய சரக்கை விலை குறைத்துத் தள்ளாமல் திருப்பி அனுப்பட்டும். குடியானவர் பலர் ஒன்றுகூடி ஒரு பெரிய கேனை வாங்கி, அன்றே புட்டி புட்டியாகப் பங்கிட்டுக் கொள்வதும் நல்ல உபாயம்.

அதுவரையில் நம் கையில் இருப்பதை நாமே செய்யலாம். இன்று மாலையே பரணிலும் தீவன அறையிலும் தேடி, அங்கே கிடக்கும் பழைய புட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வீட்டிலுள்ள பெண்மக்கள் வாடை மாறியிருக்கிறது என்று சொன்னால், மீன் எண்ணெய் நாறத்தான் செய்யும் என்று அவர்களுக்குப் பதில் சொல்லாதீர்கள். அவ்வாறு சொல்லிப் பத்தொன்பது குஞ்சுகளைப் புதைத்தவன் இதை எழுதுகிறேன்.